சொன்னதை நம்பும் எஞ்சின்

ஜனவரி 5, திங்கள்

இந்த நோட்டை இன்று மெர்லின் கொடுத்தார். கம்பெனியில் புது எஞ்சினை நிறுவ வந்திருக்கும் பெண். நாகர்கோவில்காரர், வயது முப்பதைத் தாண்டாது. பழைய எஞ்சினுக்கும் புதியதற்கும் நடத்தையில் என்னென்ன வேறுபாடு தெரிகிறதோ அதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டுமாம். ஆளுக்கொரு நோட்டு. விற்பனைப் பிரிவு இம்தியாஸ் நோட்டை வாங்கிய கையோடு மகளுக்குப் படம் வரைய ஆகும் என்று பையில் போட்டுக்கொண்டார்.

எஞ்சின் என்றதும் என் மனைவி ஜோதிமணி புகை வருமா என்று கேட்டாள். வராது. அது ஒரு மென்பொருள். எத்தனை பம்ப் விற்கும் என்று விற்பனைப் பிரிவு சொல்வதை வாங்கிக்கொண்டு, எந்தத் தேதிக்கு எத்தனை பம்ப் செய்ய வேண்டும், அதற்கு எந்தப் பொருளை யாரிடம் எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று சொல்லும். பழைய எஞ்சினுக்குப் பத்தொன்பது வயது. அதற்கு வேண்டிய எண்களையெல்லாம் ஊட்டி வளர்த்தவன் நான். திங்கட்கிழமைதோறும் அது ஒரு பட்டியல் தரும். நான் பென்சிலை எடுத்துப் பாதியைத் திருத்துவேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் பொருள் வரவில்லை என்று அசெம்பிளி லைன் ஒரு மணி நேரம்கூட நின்றதில்லை. பெருமைக்காக எழுதவில்லை. ஜெனரல் மேனேஜர் கோபிநாத் போன வருட விழாவில் மைக்கில் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

நோட்டோடு பதினான்கு பக்கத்தில் ஓர் அச்சுத்தாளும் கொடுத்தார் மெர்லின். முதல் வேறுபாடு: கொடுக்கப்படும் எண்களைப் புது எஞ்சின் அப்படியே எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு வேறுபாடு என்று அச்சடிப்பார்களா என்று சிரித்துக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

சோதனை ஓட்டம். மூன்று மாதத்துக்குத் தேவையான, பம்ப் உடலுக்கான இரும்பு வார்ப்புகளை ஒரே மாதத்துக்கு ஆர்டர் போடச் சொல்கிறது புது எஞ்சின். கோபிநாத் மெர்லினைப் பார்த்தார், மெர்லின் என்னைப் பார்த்தார், நான் இம்தியாஸைப் பார்த்தேன், இம்தியாஸ் செல்போனைப் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். இம்தியாஸுக்கு ஆயிரம் பம்ப் வேண்டுமென்றால் ஆயிரத்து முந்நூறு என்று எழுதுவார். நான் முந்நூறை அடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். அவர் கூட்டுவார் என்று எனக்குத் தெரியும். ஸ்டோர்ஸில் எழுநூறு இருந்தால் ஐந்நூறு என்பார்கள். நான் எழுநூறு என்று வாசித்துக்கொள்வேன். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்? ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லாமல் பம்ப் வெளியே போய்க்கொண்டிருந்தது. புது எஞ்சினோ ஆயிரத்து முந்நூறை ஆயிரத்து முந்நூறு என்றும் ஐந்நூறை ஐந்நூறு என்றும் நம்புகிறது. இவ்வளவு வெள்ளந்தியான ஒன்றை இந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை.

மெர்லின் இம்தியாஸிடம் உண்மையான எண் எது என்று கேட்டார். இம்தியாஸ் யோசித்துப் பார்த்து, தனக்கே மறந்துவிட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

இன்றுமுதல் ரப்பர் சீல் ஆர்டர்களைப் புது எஞ்சின்தான் போடும் என்று கோபிநாத் அறிவித்தார். ஒரே ஒரு பொருளை வைத்துப் பழகலாம் என்பது மெர்லினின் யோசனை. ஏன் சீல் என்று கேட்டேன். சின்னப் பொருள், இரண்டே பேர்தான் செய்துதருகிறார்கள், சுலபம் என்றார்.

சீல் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம். தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும். அது இல்லாமல் ஒரு பம்பையும் மூடி அனுப்ப முடியாது. சின்னவேடம்பட்டியில் ஷெட் வைத்திருக்கும் தெய்வானை அம்மிணி ஒருவர், ராஜ்கோட் கம்பெனி ஒன்று. இத்தனை வருடமும் முக்கால்வாசி ஆர்டர் அம்மிணிக்குத்தான் போகும். ரப்பரைச் சூடாக்கி அழுத்தி வார்க்கும் பிரஸ் ஆறு, பதினோரு பெண்கள். நம் கம்பெனி வேலையைத் தவிர வேறு வேலை எடுப்பதில்லை.

மாலையில் எஞ்சின் பட்டியல் கொடுத்தது. பிப்ரவரி முதல் மே வரை எல்லாச் சீலும் ராஜ்கோட்டுக்கு. அம்மிணிக்குப் பூஜ்யம். போட்டு வைத்திருந்த பழைய ஆர்டரையும் ரத்து செய்யச் சொல்கிறது.

நடத்தை வேறுபாடு என்று எழுதியிருக்கிறேன்: புது எஞ்சினுக்கு உள்ளூர்க்காரர்கள்மேல் பற்று இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

காரணத்தை மெர்லின் திரையில் காட்டினார். ஆர்டர் போட்டால் பொருள் வந்துசேர ராஜ்கோட்டுக்கு இருபத்தொரு நாள், தெய்வானைக்கு நாற்பத்தைந்து நாள். யார் சீக்கிரம் தருகிறார்களோ அவர்களை எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. பழைய எஞ்சின் பட்டியலில் முதலில் இருந்த பெயரை எடுத்துக்கொள்ளும். முதலில் அம்மிணி பெயரை எழுதியவன் நான்.

"சார், இங்கிருந்து ஒம்பது கிலோமீட்டர். அவங்களுக்கு ஏன் நாப்பத்தஞ்சு நாள்?"

ரப்பர் நுணுக்கமான சமாச்சாரம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பொறியியல் படித்தவர்களிடம் நுணுக்கம் என்ற சொல் எப்போதும் எடுபடும்.

பதினொரு மணிக்கு லைனில் சீல் குறைவு என்றார்கள். அம்மிணிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடத்தில் ஆட்டோவில் நானூறு சீல் வந்தது. அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டார். வரும் என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டு மோட்டார் காலையிலிருந்து ஓடவில்லை. பம்ப் கம்பெனியில் வேலை செய்பவன் வீட்டில் குடத்தில் தண்ணீர் தூக்கிப் பொங்கல் வைத்தோம். மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள் ஜோதிமணி. நான் திட்டமிடும் பிரிவு, பழுதுபார்க்கும் பிரிவு அல்ல என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

சாப்பாட்டு வேளையில் யாரும் இல்லாதபோது ராஜ்கோட்டின் இருபத்தொன்றை அறுபது என்று மாற்றினேன். சின்ன விஷயம். பழைய எஞ்சினில் இதுபோல் ஆயிரம் முறை செய்திருக்கிறேன். மாற்றியதும் புது எஞ்சின் ஒரு கட்டத்தைத் திறந்து காரணம் என்ன என்று கேட்டது. ஒன்றும் எழுதாமல் மூட முயன்றேன், விடவில்லை. ஒரு புள்ளி வைத்தேன். ஒத்துக்கொண்டது.

இரண்டு மணிக்கு மெர்லின் வந்தார். திரையில் மாற்றியவர் சென்னியப்பன், நேரம் ஒன்று பதினேழு, காரணம் ஒரு புள்ளி என்று இருந்தது. அவர் பழையபடி இருபத்தொன்று போட்டுவிட்டு, பதினான்கு பக்கத் தாளில் ஒன்பதாம் எண்ணுக்குக் கீழே மெல்லக் கோடு போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். யார் எதை மாற்றினார்கள் என்பதைப் புது எஞ்சின் மறக்காது என்று அதில் இருக்கிறது. படிக்காமல் விட்டது என் தப்பு. முதல் எட்டையும்கூடப் படிக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

அம்மிணியிடமிருந்து மறுபடி அறுநூறு சீல் வாங்கினேன். ராஜ்கோட் சரக்கு பிப்ரவரி முதல் வாரம்தான் வரும்.

இந்த நோட்டை மெர்லின் கேட்டால் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் இதை எழுதலாம். அம்மிணிக்கு நாற்பத்தைந்து நாள் ஆகாது. எட்டு நாள் போதும். பத்தொன்பது வருடம் முன்பே எட்டு நாள்தான். நாற்பத்தைந்து என்று போட்டது நான். அப்படிப் போட்டால் எஞ்சின் ஒன்றரை மாதம் முன்னாலேயே ஆர்டர் போட்டுவிடும். அம்மிணி எட்டாம் நாள் செய்து முடித்து, நான் கூப்பிடும்வரை தன் ஷெட்டில் ஓர் அறையில் அடுக்கி வைத்திருப்பார். கூப்பிட்டால் நாற்பது நிமிடம். நம் ஸ்டோர்ஸில் இருப்பு வைத்தால் எதற்கு இவ்வளவு இருப்பு என்று மேலே கேட்பார்கள். அவருடைய அறையில் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவருக்கும் இதில் நன்மைதான். ஒன்றரை மாத வேலை கையில் இருக்கிறது என்ற நிம்மதி. நான் செய்து கொடுத்த உதவி என்றே இதை எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அம்மிணி போன் செய்தார். கூட்டத்தில் இருக்கிறேன் என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

மறுபடி போன். அறை காலியாகிவிட்டதாம், இரண்டு பிரஸ் ஓட்டமில்லாமல் நிற்கிறதாம், நான்கு பெண்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புது எஞ்சின் இன்னும் பழகவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன்.

"எஞ்சின் பழகறது இருக்கட்டுங் சார். ஆர்டர் இல்லீன்னா இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங். நான் வேற பாத்துக்குவனுங்."

இருக்கிறது, வரும் என்றேன்.

எட்டு என்று திருத்தினால் எல்லாம் தீர்ந்துவிடும். ஒரே எண். ஆனால் காரணம் கேட்கும். இதுவரை ஏன் நாற்பத்தைந்து என்று கேட்பார்கள், ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் அறைவரைக்கும் போகும். அப்புறம் மைக்கில் சொன்னதெல்லாம் என்ன ஆவது? சாப்பாடு இறங்கவில்லை. ஜோதிமணி கத்தரிக்காய் கசப்பா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

ராஜ்கோட் சரக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு ஆகும். லைன் நிற்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

புது எஞ்சினை நிறுவும் வேலையின் இறுதிக் கூட்டம். திருத்தவேண்டிய எண்கள் ஏதாவது உண்டா என்று கோபிநாத் கேட்டார். எழுந்து நின்றேன். நாங்கள் எழுந்து நின்று பேசுகிற வழக்கம் கிடையாது, எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தெய்வானையின் நாள் எட்டு என்றேன். நாற்பத்தைந்திலிருந்து எட்டா என்றார் கோபிநாத். மெர்லின் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அந்த நொடியில் வாயில் வந்தது இதுதான்: நான் போய் உட்கார்ந்து, வேலை முறையை மாற்றி, அச்சுகளைப் புதுப்பிக்கச் சொல்லி, குறைத்திருக்கிறேன்.

கோபிநாத் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நாற்பத்தைந்து நாளை எட்டாகக் குறைத்த சாதனை என்று முதலாளிக்குக் காட்டும் படக்காட்சியில் தனிப் பக்கமே போடுகிறார்களாம், என் புகைப்படத்தோடு. இம்தியாஸ் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எப்படிங்க சார் முடிஞ்சது என்று காதருகில் கேட்டார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டு என்று போட்டதும் எஞ்சின் மார்ச் முதல் தேதிக்குப் பின்னால் வரவேண்டிய எல்லாச் சீலையும் அம்மிணி பெயருக்கு மாற்றிவிட்டது. ராஜ்கோட்டின் மீதி ஆர்டர்கள் ரத்து. ஆகவே நல்லதுதான் நடந்திருக்கிறது. எந்த வழியாக நடந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 11, புதன்

லட்டு வாங்கிக்கொண்டு சின்னவேடம்பட்டி போனேன்.

ஷெட்டுக்குள் ஆறு பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு நாற்காலி போட்டது அந்த அறையில். அடுக்குகளைக் கழற்றி எடுத்திருந்தார்கள். வெள்ளையடித்து, ஜன்னல் திறந்து, பெண்கள் உட்கார்ந்து சாப்பிட இரண்டு பெஞ்சு போட்டிருந்தது. அங்கே ஜன்னல் இருந்தது எனக்கு இதுவரை தெரியாது. எப்போது போனாலும் பெட்டிகள் மறைத்திருக்கும்.

இனி எல்லாச் சீலும் உங்களுக்குத்தான் என்றேன். அம்மிணி லட்டு டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறக்காமல் வைத்துக்கொண்டார்.

"மூணு வாரம் பாத்தனுங் சார். வரும் வரும்னீங்க. பதினோரு பேத்துக்கு வேல வேணுமில்லீங். சூலூர்ல பால் கறக்கற மிசின் பண்றவிக கேட்டாங்க, ஒத்துக்கிட்டனுங். அவிக செஞ்ச அன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போயிர்றாங்க. அடுக்கி வெச்சுக்கிட்டு எப்பப் போன் வருமுன்னு உக்காந்திருக்க வேண்டியதில்லீங்."

நம் வேலையும் செய்யலாம் இல்லையா, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஆர்டர் குடுத்தா ரெண்டு மாசமுங். அதுக்குள்ள தர்றேன்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டனுங்."

டீ கொடுத்தார்கள். குடித்தேன். வரும்போது பெண்கள் லட்டு சாப்பிட்டுக்கொண்டு நன்றி சொன்னார்கள். அந்த ஷெட் பிழைத்துக்கொண்டது. என்னால் இல்லை, நான் சொன்னதை நம்புவதை அவர் விட்டதால். வண்டியை எடுத்து வருகிற வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று அந்த எட்டை அறுபது என்று மாற்றினேன். காரணக் கட்டத்தில் முழு வாக்கியமாக எழுதினேன்: வேறு கம்பெனி வேலையை எடுத்துவிட்டார், நேரில் போய்க் கேட்டேன், இரண்டு மாதம் ஆகும். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பெயருக்கு நேரே நான் போட்ட முதல் உண்மையான நாள் அது. எஞ்சின் உடனே நம்பியது. மார்ச் ஆறாம் தேதி சீல் இல்லை, லைன் நிற்கும் என்று சிவப்புக் கட்டம் போட்டது. ராஜ்கோட்டுக்கு இன்றே சொன்னால் ஒருவேளை தப்பிக்கலாம் என்றும் காட்டியது.

ஆனால் இறுதிக் கூட்டத்துக்குப் பிறகு எந்த எண்ணை மாற்றினாலும் அது நிலைக்கக் கோபிநாத்தின் ஒப்புதல் வேண்டும். அவர் சிரித்தார். பழைய பழக்கம் விடமாட்டேன் என்கிறதா என்றார். படக்காட்சி முதலாளிக்குப் போய், அவர் பாராட்டி எழுதி, அந்தக் கடிதம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. எட்டு எட்டாகவே இருக்கட்டும், அந்தம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், எப்போதும் பார்த்துக்கொள்கிறீர்களே என்று சொல்லி மறுத்துவிட்டார்.

மெர்லினிடம் போனேன். நாளை ஊருக்குக் கிளம்புகிறார், பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல நாப்பத்தஞ்சு. அப்புறம் எட்டு. இப்ப அறுபது. நான் எதை சார் நம்பட்டும்?"

அறுபதை என்றேன். அவர் என்னை நம்ப விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒப்புதல் அவர் கையில் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

மெர்லின் போய்விட்டார். எல்லோரிடமும் நோட்டைத் திரும்ப வாங்கினார். என்னுடையது தொலைந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எட்டு நாள் கணக்குப்படி எஞ்சின் இன்று அம்மிணிக்கு ஆர்டர் அனுப்பியது. ஏப்ரல் கடைசியில் தருகிறேன் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கோபிநாத்துக்கு அனுப்பினேன். பேசிப் பாருங்கள் என்று ஒரு வரி. ராஜ்கோட்டுக்கு நானே போன் செய்தேன். சீசன், மே மாதத்துக்கு முன்னால் முடியாது என்றார்கள்.

மார்ச் 2, திங்கள்

ஸ்டோர்ஸில் ஆயிரத்து நூறு சீல் என்றார்கள். ஆயிரத்து முந்நூறு இருக்கும் என்று வழக்கம்போல் வாசித்துக்கொண்டு, நானே போய் எண்ணினேன். ஆயிரத்து நூறுதான். எஞ்சின் வந்ததிலிருந்து ஸ்டோர்ஸ்காரர்கள் உண்மை சொல்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

பத்து இருபதுக்கு லைன் நின்றது.

சத்தம் அடங்கியதும்தான் இத்தனை வருடமாக எவ்வளவு சத்தத்தில் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. நாற்பது பேர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மூடி போடாத பம்புகள் வரிசையாக வாய் திறந்து கிடந்தன. கோபிநாத் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், அந்தம்மாவுக்குப் போன் போடுங்கள், நீங்கள் போட்டால் வந்துவிடுமே என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பொருள் வருகிறது என்று ஆட்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்திருப்பார்.

போட்டேன். சீல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங் சார். ஒண்ணுகூட இல்லீங்." பின்னால் பிரஸ் ஓடும் சத்தம் கேட்டது. "லைன் நின்னுபோச்சுங்களா?"

"ஆமாங் அம்மிணி."

"இத்தன வருசத்துல நின்னதே இல்லீன்னு சொல்லுவீங்களே. உங்க பேரு கெட்டுப் போயிருமுங்களா சார்?"

கேலி இல்லை. நிஜமாகவே எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார். அதுதான் தாங்கமுடியவில்லை. கோபிநாத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற பேரு எங்க அம்மிணி என்றகிட்ட இருந்துச்சு? அது அத்தன வருசமும் உங்க ரூம்புலதான இருந்துச்சு."

பிரஸ் சூடாகிவிட்டது, வைக்கிறேன் என்று அம்மிணி வைத்துவிட்டார்.

எந்த ரூம் என்று கோபிநாத் கேட்டார். நாற்பது பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், யாருக்கும் வேலை இல்லை. முதலிலிருந்து சொன்னேன்.